வில்சனைக் கண்டால் பறக்காத கோழிகள்

போன மாதம் நெய்யாற்றின்கரையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். மனைவியின் ஒன்றுவிட்ட அண்ணன் மகளுக்குக் கல்யாணம். கேரள எல்லையை ஒட்டிய எங்கள் பக்கத்தில் கல்யாண மண்டபம் என்றால் ஆட்டோக்காரர் முழிப்பார், ஆடிட்டோரியம் என்று சொல்ல வேண்டும். போளியைப் பாயசத்தில் பிசைந்து வயிறு முட்டத் தின்றுவிட்டு, கை கழுவப் பின்பக்கம் போனேன். குழாயைத் திறந்தபோது மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு வாசனை வந்தது. ஈரச்சாக்கை வெயிலில் போட்டு மறந்துவிட்டால் வருமே, அந்த மாதிரி. பக்கத்தில் நின்ற பட்டுவேட்டிக்காரர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். நான் மூச்சை இன்னும் கொஞ்சம் நன்றாக இழுத்துப் பார்த்தேன். சந்தேகமே இல்லை, பாயல்தான்.

பாயல் என்றால் தண்ணீரின்மேல் படரும் பச்சைப் பாசிச்செடி. ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது என்று சொல்வார்கள். எங்கள் ஊருக்கு எப்போது வந்ததென்று யாருக்கும் தெரியாது. ஒரு குளத்தில் ஒரு கை அளவு போட்டால் அடுத்த மழைக்குள் குளமே தெரியாது. வாரிக் கரையில் போட்டால் நாலாம் நாள் இந்த நாற்றம் நாறும். மற்றவர்களுக்கு இந்த நாற்றம் வந்தால் கொசு நினைவுக்கு வரும். எனக்கு வில்சன் நினைவுக்கு வருவான். அவன் நினைவு வந்தால் என் வயிறு எரியும். அன்றும் எரிந்தது. பாயசத்தின்மேல் பழிபோட முடியாது, பாயசம் நன்றாகவே இருந்தது.

உங்களிடம் சொல்வதற்கென்ன, நான் பிறவியிலேயே பொறாமைக்காரன். பாறசாலைப் பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பெஞ்சுக்காரனுக்குக் கையெழுத்து நன்றாக இருந்தது என்பதற்காக அவனோடு ஒரு வருடம் பேசாமல் இருந்தவன். என் தம்பிக்கு மீசை என்னைவிட அடர்த்தியாக வந்தபோது சவரக்கடையை மாற்றினேன். ஆனால் அதெல்லாம் சில்லறைப் பொறாமை. முழுசாக ஒரு மனிதனைப் பார்த்து, காலையில் எழுந்ததும் முதல் நினைப்பாக அவனை நினைத்து எரிந்தது வில்சனைப் பார்த்து மட்டும்தான். அதுவும் எதற்காக என்று கேட்டால் சிரிப்பீர்கள். பறவைகள் அவனைக் கண்டு பயப்படவில்லை என்பதற்காக.

ஆடிட்டோரியத்தின் பின்மதிலுக்கு அந்தப் பக்கம் இருப்பது கீழமடை ஏலா. ஏலா என்றால் வயல்வெளி. ஒரு காலத்தில் நெல் போட்டார்கள். பிறகு ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். மேடான இடத்தில் வாழையும் மரச்சீனிக் கிழங்கும் வந்தன, பள்ளத்தில் தண்ணீர் வந்து உட்கார்ந்துகொண்டது. சம்புப்புல் வளர்ந்தது, கோரை வளர்ந்தது, சுற்றிலும் டவுனும் வளர்ந்தது. ஒரு கரையில் லாரி வொர்க்‌ஷாப், மறுகரையில் டியூஷன் சென்டர், நடுவே இந்தச் சதுப்பு. பறவைகளைப் பார்த்துத் திரிகிற கொஞ்சம் பேர் சேர்ந்து ஒரு சங்கம் வைத்து, அதைப் பராமரிக்கும் பொறுப்பை வாங்கினார்கள். மண்வரப்பை அகலமாக்கி நடைபாதை போட்டார்கள். மூங்கில்தட்டியால் ஒளிந்திருந்து பார்க்க ஒரு குடில் கட்டினார்கள். காவலுக்கும் வேலைக்குமாக இரண்டு வாட்சர்களை வைத்தார்கள். ஒருவன் நான், மற்றவன் திருப்புறத்துக்காரன் வில்சன்.

இரண்டு பேரும் ஒரே வயது. இரண்டு பேரும் வேறு வேலை கிடைக்காத பட்டதாரிகள். நான் விலங்கியல், அவன் வணிகவியல். அவனுடையது பழைய மிஷன் சபைக் குடும்பம். சபைப் பாடகர் குழுவில் அவன்தான் கீழ்க்குரல். பேசினாலே ஹார்மோனியத்தின் இடதுபக்கம் மாதிரி இருக்கும். அதிலும் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் உண்டு, ஆனால் அதை நான் பொறுத்துக்கொண்டேன்.

வேலை என்னவென்றால், ஏலாவின் கீழ்க்கோடியில் ஒரு ஷட்டர் இருந்தது. பெயர்தான் ஷட்டர், உண்மையில் இரண்டு கல்தூணுக்கு நடுவே ஒன்றன்மேல் ஒன்றாகச் சொருகிய அஞ்சிலி மரப் பலகைகள். மழை கூடினால் ஒரு பலகையை எடுக்க வேண்டும், இல்லையென்றால் சம்புக்குள் இருக்கும் கூடுகள் முங்கிப்போகும். மழை குறைந்தால் போட வேண்டும், இல்லையென்றால் தண்ணீர் வற்றி நாய்கள் உள்ளே நடந்து போகும். வாரத்துக்கு ஒருமுறை பாயல் வார வேண்டும். சம்பை ஒரேயடியாக வெட்டாமல் இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் என்று வெட்ட வேண்டும். இதற்கெல்லாம் மேலே, இறைச்சிக்கடைக் கழிவைச் சாக்கில் கட்டி ஸ்கூட்டரில் கொண்டுவந்து வீசுகிறவர்களை விரட்ட வேண்டும். இந்தக் கடைசி வேலையில் நான் கெட்டிக்காரன். என்னைக் கண்டாலே வண்டியைத் திருப்பிவிடுவார்கள்.

சிக்கல் என்னவென்றால், பறவைகளும் அப்படியே செய்தன.

நான் வரப்பில் கால் வைத்தால் போதும். முதலில் நீலக்கோழிகள் கிளம்பும். ஊதாநிற உடம்பும் சிவந்த அலகுமாக, நீண்ட காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு, பாரம் தாங்காத மாதிரி பறக்குமே, அதுதான். நெல் போட்ட காலத்தில் இதற்குக் கள்ளக்கோழி என்று பெயர். அதற்குப் பின்னால் கொக்கு, நீர்க்காகம், குளத்துமீன் பார்த்து உட்கார்ந்திருந்த மீன்கொத்தி எல்லாம் போய்விடும். நான் குடிலுக்குள் போய்ச் சேரும்போது ஏலா பரீட்சை முடிந்த ஹால் மாதிரி இருக்கும். பத்து நிமிடம் கழித்து வில்சன் வருவான். காலை இழுத்து இழுத்து, நிலக்கடலை தின்றுகொண்டு, சத்தமாகப் பாடிக்கொண்டு வருவான். ஒன்றும் பறக்காது. நீலக்கோழி வரப்பிலேயே நிற்கும், அவன் சுற்றிப் போவான். ஒருநாள் ஷட்டரில் சாய்த்து வைத்திருந்த அவன் சைக்கிளின் ஹேண்டில்பாரில் மீன்கொத்தி ஒன்று உட்கார்ந்திருந்தது. அவன் வந்து சைக்கிளை நிமிர்த்தினான். அது இறங்கவில்லை. கொஞ்சதூரம் உருட்டிக்கொண்டும் போனான்.

அவனுக்குப் பறவைகளைப் பற்றி ஏதாவது தெரியுமா என்றால் ஒன்றும் தெரியாது. அவனுக்கு எல்லாமே கோழி. கருத்த கோழி, வெளுத்த கோழி, காலு நீண்ட கோழி. நான் புத்தகம் வாங்கிப் படித்தேன். தமிழ்ப்பெயர், மலையாளப்பெயர், எந்த மாதம் வரும், என்ன தின்னும் எல்லாம் எனக்குத் தெரியும். அரைக்கிலோ பைனாகுலரைக் கழுத்தில் தொங்கவிட்டுக் கழுத்துவலி வாங்கியவன் நான். பார்க்க வருகிற காலேஜ் பிள்ளைகள் வாசலிலேயே கேட்பார்கள், "வில்சண்ணன் இல்லியா?" என்று. நான் இருக்கிறேன் என்பது அவர்கள் கண்ணில் படாது.

ஒருநாள் வெட்கத்தை விட்டு அவனிடமே கேட்டேன்.

"எலே, ஒன்னக் கண்டா மட்டும் அதுக ஏன் போவ மாட்டேங்குது?"

வில்சன் ஷட்டர் தூணில் சாய்ந்து தலைமுடியைக் கோதிக்கொண்டான். "மொகராசியாக்கும் மக்கா. எனக்க மொகத்தப் பாத்தா ஆருக்கும் பயம், பேடி ஒண்ணும் வராது. சபையில கைக்கொழந்தைய எல்லாம் எனக்க கையிலதான் தருவாவ."

"அப்ப எனக்க மொகம்?"

"ஒனக்க மொகம் வரிகேட்டு வந்தவன் மொகம் மாதிரி உண்டும்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தான். தன்னடக்கம் என்று ஒன்று அவனிடம் இருந்திருந்தால்கூட நான் மன்னித்திருப்பேன்.

அதன்பிறகு நான் செய்யாத கோமாளித்தனம் இல்லை. தேங்காயெண்ணெய் வாசனையால்தான் பறக்கின்றன என்று தலைக்கு எண்ணெய் வைப்பதை நிறுத்தினேன். சோப்பை மாற்றினேன். அவனைப்போலவே காலை இழுத்து நடந்து பார்த்தேன், வரப்பில் வழுக்கி விழுந்ததுதான் மிச்சம். பாடிப் பார்த்தேன். அன்றைக்கு வொர்க்‌ஷாப் கூரையில் இருந்த புறாக்கள்கூடக் கிளம்பிவிட்டன. ஒருநாள் அவன் கழற்றி வைத்திருந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு போனேன். நீலக்கோழி ஒருகணம் நின்றது, தலையைத் தூக்கிப் பார்த்தது, பிறகு பறந்தது. முகம்வரை பார்த்துவிட்டுத்தான் போயிற்று. அதுதான் எனக்கு ரொம்ப வலித்தது.

இப்படி எரிந்துகொண்டிருந்த காலத்தில்தான், ஒரு கர்க்கடக மாதத்து, அதாவது ஆடி மாதத்து, மழை விட்ட மத்தியானம், ஏலாவின் நடுவே பூனை கத்தும் சத்தம் கேட்டது. யாரோ பூனைக்குட்டியைச் சாக்கில் கட்டி வீசிவிட்டார்கள் என்று நினைத்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். பூனை இல்லை, தாமரைக்கோழி. பாயல்மேல் நின்றுகொண்டு பூனை மாதிரிக் கத்திக்கொண்டிருந்தது. பழுப்பு உடம்பு, வெள்ளைச் சிறகு, பிடரியில் தங்கப்பூச்சு, உடம்பைவிட நீளமான வால். விரல்கள் அவ்வளவு நீளம் என்பதால் பாயல்மேல் முங்காமல் நடக்கும். அங்கேயே, பாயலைக் கொஞ்சம் குமித்து வைத்து, நாலு முட்டை. வெண்கலப் பாத்திரத்தைப் புளிபோட்டு விளக்கிய நிறம்.

தாமரைக்கோழி வீட்டு நியாயம் வேறு. பெட்டை முட்டையிட்டுக் கொடுத்துவிட்டு அடுத்த சேவலைப் பார்க்கப் போய்விடும். அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் சேவல். ஒரு பெட்டைக்கு நாலு வீடு இருக்கும், நாலிலும் நாலு சேவல் முட்டைமேல் உட்கார்ந்திருக்கும். ஒன்றுக்கும் பொறாமை கிடையாது. இதைப் படித்தபோது எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது, ஆனால் திருந்தும் அளவுக்கு இல்லை.

அந்தச் சேவல் என்னைக் கண்டு பறந்ததா என்றால், பறந்தது. ஆனால் முட்டை இருந்ததால் தூரம் போக முடியவில்லை. சுற்றிச் சுற்றி வந்து கத்தியது. நான் பின்னால் பின்னால் நடந்து, சம்புக்கு அந்தப் பக்கம் இடுப்புத் தண்ணீரில் குனிந்து நின்றபோது, திரும்பி வந்து உட்கார்ந்தது. என் கண்முன்னால் ஒரு பறவை வந்து உட்கார்ந்தது அதுதான் முதல்முறை. பயத்தால் உட்கார்ந்தது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் உட்கார்ந்ததல்லவா. கரையேறும்போது கைகால் எல்லாம் அரித்தது. மனம் பெருநாளுக்குப் புதுத்துணி போட்டது மாதிரி இருந்தது.

வில்சனிடம் சொல்லவில்லை. அந்த ஏலாவில் அவன் பார்க்காத, எனக்கு மட்டுமான ஒரு பொருள் அது. தினமும் அவன் சாப்பிடப் போகும் நேரத்தில் நான் இறங்கிப் போய் அந்தச் சம்புக்குப் பின்னால் நின்றுவிட்டு வந்தேன். அவன் கேட்டால் காலில் ஏறிய அட்டையைப் பிடுங்கப் போனேன் என்று சொல்வேன். அவனும் நம்பினான். என்னிடம் ஒளித்துவைக்க ஏதாவது இருக்கும் என்று அவன் நினைக்கவே இல்லை, அதுவும் எனக்குக் கோபம்.

அந்த மழைக்குப் பின் டவுனில் காய்ச்சல் பரவியது. சுற்றுவட்டார வீட்டுக்காரர்கள் எல்லாம் கொசுவுக்குக் காரணம் பாயல்தான் என்று சங்கத்துச் செக்ரட்டரியைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியர், யாரையும் பகைக்கத் தெரியாதவர். சிரமதானம் வைத்து எல்லாரும் சேர்ந்து பாயல் வாருவதென்று முடிவாயிற்று. கிழக்குக் கரையில் சபை, மேற்குக் கரையில் கோவில். சபையிலிருந்து வாலிபர் சங்கம் கிழக்கிலிருந்து வாரும், கோவிலிலிருந்து உற்சவக் கமிட்டி மேற்கிலிருந்து வாரும், நடுவில் சந்திப்பது. கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எங்கள் ஊரில் இரண்டு கூட்டத்துக்கு ஒரே வேலையைக் கொடுத்தால் அது வேலையாக இருக்காது, வள்ளங்களி, அதாவது படகுப்போட்டி, ஆகிவிடும். சபையில் மரச்சீனியும் மீன்கறியும் என்று கேள்விப்பட்டதும் கோவிலில் கஞ்சியும் பயறும் என்று இருந்தது கஞ்சியும் பயறும் அப்பளமும் மாங்காய் ஊறுகாயும் என்று ஆயிற்று.

அவர்கள் நடுவில் சந்திக்கப்போகும் இடத்தில்தான் என் தாமரைக்கோழி உட்கார்ந்திருந்தது.

செக்ரட்டரியிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் உடனே, "வில்சன அனுப்பிப் பாக்கச் சொல்லலாம்" என்பார். அது எனக்கு நிச்சயம். ஆகையால் என் புத்திக்கு எட்டிய ஒரு காரியத்தைச் செய்தேன். விடிந்ததும் முதல் ஆளாகப் போய், நீண்ட மூங்கில் கம்பு ஒன்றைக் கூட்டிலிருந்து பத்தடி தள்ளிச் சேற்றில் ஆழமாகக் குத்தி, அதன் உச்சியில் என் தோர்த்துத் துண்டைக் கட்டினேன். இந்த இடத்துக்கு வரக்கூடாது என்பதற்கு அடையாளம். ரயில் வருகிறது என்றால் சிவப்புத்துணி காட்டுவார்களே, அந்த யோசனை. என் தோர்த்தும் நல்ல சிவப்பு.

நீங்கள் எங்கள் ஊர்க்காரராக இருந்தால் இதற்குள் தலையில் கைவைத்திருப்பீர்கள். கேரளத்தில் ஒரு வயலின் நடுவே கம்பு நட்டுச் சிவப்புத்துணி கட்டினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். கட்சி கொடி குத்திவிட்டது. இனி அங்கே ஒருவரும் மண்வெட்டி வைக்கக்கூடாது. பாறசாலையில் பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் அன்றைக்கு என் மண்டைக்குள் கோழியும் வில்சனும் தவிர வேறு ஒன்றும் இல்லை.

காலையில் இரண்டு கூட்டமும் வெறிபிடித்தமாதிரி வாரிக்கொண்டு வந்தன. கரையெல்லாம் பாயல் குவியல். நடுவுக்கு வந்ததும் சபைப்பக்கத்துத் தலைவர் கம்பைப் பார்த்துவிட்டார்.

"எந்தா இது? சிரமதானத்துல ஆருலே கொடி குத்தினது?"

மேற்கிலிருந்து கமிட்டித் தலைவர் சொன்னார், "அத நாங்களாக்கும் கேக்கணும். ஒங்க கூட்டத்துல ஆளு உண்டும்லா."

"நாங்க பிரார்த்தன பண்ணிட்டு எறங்கினவங்க. எங்களுக்கு எதுக்கு ஓய் கொடி?"

வேலை நின்றது. பேச்சு வளர்ந்தது. யாரோ போன் செய்து, முக்கிலுள்ள கட்சி ஆபீசிலிருந்து இரண்டு பேர் பைக்கில் வந்து இறங்கினார்கள். அவர்களுக்கு இன்னும் கோபம். "எங்களுக்குத் தெரியாம எங்க கொடிய குத்தினது ஆரு?" என்று கேட்டார்கள். நான் தண்ணீருக்குள் இறங்கி, "அது கொடி இல்ல, எனக்க தோர்த்தாக்கும்" என்றேன். அவர்களில் ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீ எந்த யூனிட்டு?" என்று கேட்டார்.

இதற்குள் நாலைந்து பேர் கொடியைப் பிடுங்குவதற்குக் கிழக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் நீந்தாத குறையாக வந்துகொண்டிருந்தார்கள். தாமரைக்கோழி எழுந்து பறந்தது. கத்திக்கொண்டே வட்டமடித்தது. முட்டை திறந்து கிடந்தது. டியூஷன் சென்டர் தென்னையில் இரண்டு காக்கைகள் கழுத்தை நீட்டிப் பார்த்தன. இன்னும் கொஞ்ச நேரம் போனால் என்னுடையது என்று எனக்கிருந்த அந்த ஒன்றும் காக்கை வாயில்.

"கூடு உண்டு" என்று கத்தினேன். "தாமரைக்கோழிக்க கூடு. நாலு முட்ட கெடக்கு. ஆரும் அங்க போவாண்டாம்."

கரையில் நின்றிருந்த வில்சன் என்னைப் பார்த்தான். "எனக்கிட்ட ஒண்ணும் சொல்லல்லியே மக்கா" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. ஏதோ கடலைப் பொட்டலத்தை அவனை விட்டுத் தின்ற மாதிரிச் சொன்னான். பிறகு அந்தக் கீழ்க்குரலில், "எல்லாரும் கரைக்குக் கேறுங்க" என்றான். சபையும் கோவிலும் கட்சியும் ஏறின. நானும் ஏறினேன்.

அவன் ஒருவன் மட்டும் இறங்கி நடந்தான். தண்ணீர் இடுப்புக்கு வந்தது. கம்பைப் பிடுங்கினான். காக்கைகளைப் பார்த்து ஒருமுறை கைவீசினான், அவற்றுக்கும் அவன்மேல் பயமில்லை போல, மெதுவாகத்தான் போயின. அவன் அங்கேயே நின்றான். தாமரைக்கோழி ஒரு வட்டம் சுற்றிவிட்டு, அவன் கைக்கெட்டும் தூரத்தில் இறங்கி, பாயல்மேல் நாலடி நடந்து, முட்டையை நெஞ்சுக்குக் கீழே ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தது. கமிட்டித் தலைவர், "பாத்தீரா, அவனுக்க ஒரு ஐஸ்வரியம்" என்றார். சபைத் தலைவர், "எங்க பயலாக்கும்" என்றார். நான் எத்தனையோ மத்தியானம் அட்டை கடிக்கக் குனிந்து நின்று சம்பாதித்ததை அவன் ஒரே நடையில் வாங்கிக்கொண்டான். கூடு பிழைத்ததற்குச் சந்தோஷப்பட்டேன் என்று சொன்னால் பாதி உண்மை. மற்றப் பாதியை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

நடுவில் ஒரு திட்டுப் பாயலையும் ஷட்டர் பக்கம் கொஞ்சத்தையும் விட்டுவிட்டு மற்றதெல்லாம் வாரி முடித்தார்கள். மீன்கறி அந்தக் கரையிலும் அப்பளம் இந்தக் கரையிலுமாக ஆள் மாறிச் சாப்பிட்டார்கள். கட்சிக்காரர்களும் சாப்பிட்டார்கள். தோர்த்தை என்னிடம் திருப்பித் தரும்போது, "இனிமே பச்சையோ நீலமோ வாங்கும்" என்று புத்தி சொன்னார்கள். பச்சைக்கும் நீலத்துக்கும் ஊரில் வேறு கட்சிகள் உண்டு என்று நான் சொல்லவில்லை.

கதை அதோடு முடிந்திருந்தால் நான் ஆறியிருப்பேன். இரண்டு நாள் கழித்து மத்தியானம் குடிலில் இருந்தேன். பைனாகுலரில் பார்த்தபோது தாமரைக்கோழி எழுந்து நின்றது. ஒரு முட்டையை அலகுக்கும் நெஞ்சுக்கும் நடுவே இடுக்கியது. அப்படியே பின்பக்கமாக, பாயல் துண்டுகள்மேல் தட்டுத்தடுமாறி நடந்தது. புத்தகத்தில் இப்படிச் செய்யும் என்று படித்திருக்கிறேன். கண்ணால் பார்க்கக் கொடுத்துவைக்க வேண்டும். பக்கத்துத் திட்டுக்குப் போய் முட்டையை வைத்துவிட்டுத் திரும்பி வந்தது. அடுத்த முட்டையை எடுத்தது. என் வாழ்க்கையில் பார்த்த பெரிய காட்சி அது, பார்த்தவன் நான் ஒருவன்தான். அதையாவது முழுசாக அனுபவித்தேனா? எந்தப் பக்கம் கொண்டுபோகிறது என்று பார்த்தேன். ஷட்டர் பக்கம். வில்சன் தினமும் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து சோறு தின்கிற பலகைக்கு ஆறடி தள்ளி.

செக்ரட்டரி வந்து பார்த்துவிட்டு, ஷட்டர் பக்கம் வாராமல் விட்ட பாயல் அடர்த்தியாக இருக்கிறது, அதனால்தான் போயிருக்கிறது என்று விளக்கினார். சரியான விளக்கம்தான். நான் தலையாட்டினேன். நம்பவில்லை. நாலு குஞ்சும் பொரிந்தன. வில்சன் சோற்றுப்பருக்கை போட்டான், குஞ்சுகள் தின்னவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் நிம்மதி.

அடுத்த வருடம் வில்சனுக்கு விசா வந்தது. வளைகுடாவில் ஏதோ விமான நிலையம் என்றான். போகும் அன்று ஷட்டர் பலகையைத் தட்டிவிட்டு, "கோழிகளப் பாத்துக்கோ மக்கா, நான் வாறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். இனி ஏலா எனக்குத்தான் என்று நினைத்தேன். அவன் இல்லாவிட்டால் வேறு வழியில்லாமல் என்னோடு பழகிவிடும் என்று கணக்கு. பழகவில்லை. அவன் இருந்தபோது வரப்பிலிருந்து சம்புவரை பறந்தவை இப்போது அக்கரைவரை பறந்தன. நானும் ஒரு வருடம் பார்த்துவிட்டு, கூட்டுறவுச் சங்கத்தில் வேலை கிடைத்ததும் விட்டுவிட்டேன்.

வில்சனுக்கு விமான நிலையத்தில் என்ன வேலை என்று பல வருடம் எனக்குத் தெரியாது. சுமை தூக்குகிறான் என்று நினைத்து மனதைத் தேற்றிக்கொண்டிருந்தேன். போன கிறிஸ்துமஸுக்குப் போன் செய்தபோது சொன்னான். ஓடுபாதையில் இறங்கும் பறவைகளை விரட்டுகிற வேலையாம். வண்டி, யூனிபாரம், வெடி எல்லாம் கொடுத்திருக்கிறார்கள்.

"என்ன செய்யியது மக்கா, நான் போனா அதுக போவ மாட்டேங்குது. வெடி போட்டாத்தான் போவுது. வேற ஆளுவ கையத் தட்டினாப் போரும்."

அன்று முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. யோசித்துப் பாருங்கள். உலகத்தில் எனக்கென்றே கடவுள் ஒரு வேலையைச் செய்து வைத்திருக்கிறார். வெடி வேண்டாம், கைகூடத் தட்ட வேண்டாம், நான் சும்மா ஓடுபாதையில் போய் நின்றால் போதும். அந்த வேலையும் அவனுக்குக் கிடைத்திருக்கிறது.

ஆடிட்டோரியத்தில் கை கழுவிவிட்டு நான் கல்யாணக் கூட்டத்துக்குத் திரும்பவில்லை. பின்கேட் வழியாக ஏலாவுக்குப் போனேன். நன்றாகத்தான் வைத்திருக்கிறார்கள், குறை சொல்லக்கூடாது. வரப்பில் சிமென்ட் கல் பாவியிருக்கிறது. கைப்பிடிக் கம்பி, பெஞ்சு, படம்போட்ட பலகைகள். அஞ்சிலிப் பலகை போய், சக்கரம் வைத்த இரும்பு ஷட்டர் வந்திருக்கிறது. பாயல் வார மிதக்கும் இயந்திரம் ஒன்று நிற்கிறது, அது வாரிப்போட்ட பாயல்தான் மதிலோரம் குவிந்து நாறுகிறது. தண்ணீர் சுத்தமாக இருந்தது. பலகையில் தாமரைக்கோழியின் படம் இருந்தது, தண்ணீரில் அது இல்லை. டிக்கெட் கொடுக்கிற பெண்ணிடம் கேட்டேன். அவள் வேலைக்கு வந்தபிறகு பார்த்ததில்லை என்றாள்.

நீலக்கோழிகள் இருந்தன. கல்யாணத்துக்கு வந்தவர்கள் பட்டும் நகையுமாக நின்று அவற்றுக்கு வாழைக்காய் உப்பேரி, அதாவது சிப்ஸ், போட்டுக்கொண்டிருந்தார்கள். கோழிகள் செருப்புகளுக்கு நடுவே புகுந்து பொறுக்கின. நான் நடந்து போனேன். பழைய பழக்கத்தில் என் நடை தானாக மெதுவாயிற்று. ஒன்றும் பறக்கவில்லை. இன்னும் கிட்டப் போனேன். ஒன்று தலையைத் தூக்கி, முகம்வரை பார்த்தது. பார்த்துவிட்டு மறுபடி குனிந்து பொறுக்கியது. கையைத் தட்டினேன். இரண்டடி விலகியது, அவ்வளவுதான்.

எனக்கு வந்தது கோபம். எனக்காக வந்த கோபம் இல்லை என்பதுதான் விசித்திரம். இந்த ஒன்றுக்காக எத்தனை வருடம் எரிந்திருக்கிறேன். அவனிடமிருந்து இது போய்விடாதா என்று எத்தனை நாள் நினைத்திருக்கிறேன். இப்போது ஒரு பாக்கெட் உப்பேரி வைத்திருக்கிற எவனுக்கும் இது கிடைக்கிறது. வில்சனிடமிருந்து அதைப் பிடுங்கி ஊருக்கெல்லாம் பங்கு வைத்துவிட்டார்கள்.

கம்பியில் சாய்ந்து கோழியோடு செல்பி எடுத்துக்கொண்டிருந்த ஒரு மாப்பிள்ளைவீட்டுக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஒரு பேடியும் இல்லாத்த பட்சிகளாக்கும், இல்லியா?"

"இப்பத்தான் இப்பிடி" என்றேன். "முன்ன எல்லாம் ஒரே ஒரு ஆளுக்குத்தான் இதுக நிக்கும். மத்தவன் வந்தா பறந்துரும். அவன் பாடிட்டு வந்தாலும் நிக்கும்."

அவருக்கு ஆர்வம் வந்துவிட்டது. போனைத் தாழ்த்தினார். "உள்ளதா? இங்க வேல பாத்தவரா?"

"ஆமா. வாட்சர்."

"ஆரு, நீங்களா?"

என் காலடியில் ஒரு நீலக்கோழி வந்து நின்றது. சுற்றிலும் பார்த்தேன். வில்சனைத் தெரிந்த முகம் ஒன்றுகூட அங்கே இல்லை.

"ஆமா, நாந்தான்" என்றேன்.

கோழி பறக்கவில்லை.